டிக் டிக் சத்தம் வருகிறது, டிரையர் சுற்றவில்லை: பழுது டைமரில்தானா?

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் டிரையர் பக்கத்து டைமரை நீங்களே மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: மெஷின் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. துவைக்கும் தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. டிரையர் குமிழைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, குமிழும் மெல்லத் திரும்பிப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது, தொட்டி மட்டும் சுற்றுவதில்லை. வீட்டுக்கு வந்த மெக்கானிக் எதையும் கழற்றிப் பார்க்காமல் டைமர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். ஒரு வெளிநாட்டுக் காணொளியில் டைமருக்குள் இருக்கும் சிறு மோட்டாரைச் சோதிக்கச் சொன்னார்கள், அப்படி எதையும் உங்கள் மெஷினில் காணவில்லை. மாற்றுவது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்பு, பழுது டைமரில்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்தாக வேண்டும். நீங்கள் சொன்ன அறிகுறியிலிருந்து அப்படி முடிவுகட்ட முடியாது.

ஐ.டி.ஐ.யில் மின்பணி படித்துவிட்டு 22 ஆண்டுகளாக மதுரையில் வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்த்து வருகிறேன். டைமர் போய்விட்டது என்று மாற்றப்பட்ட பிறகும் ஓடாமல் என்னிடம் வந்த மெஷின்கள் பல. பழைய டைமரை வாங்கிச் சோதித்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. வீட்டுக்காரர் ஒரு பொருளுக்கும் ஒரு வருகைக்கும் வீணாகப் பணம் கொடுத்திருப்பார். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு டிரையர் குமிழைத் திருப்பிப் பாருங்கள். மின்சாரமே இல்லாதபோதும் அதே டிக் டிக் வரும், குமிழ் அதே வேகத்தில் பூஜ்யத்துக்கு வரும். ஏனென்றால் உள்ளே இருப்பது சாவி கொடுக்கும் கடிகாரம். நீங்கள் குமிழைத் திருப்பும்போது ஒரு ஸ்பிரிங் முறுக்கப்படுகிறது. அது பிரியும்போது சில பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவை ஒரேயடியாக ஓடிவிடாமல் முன்னும் பின்னும் ஆடி நிறுத்தி நிறுத்தி விடும் சிறு துண்டின் சத்தம்தான் அந்த டிக் டிக். இதே அச்சில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம் வெட்டிய ஒரு வட்டு இருக்கிறது. வட்டின் விளிம்பில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு சாய்ந்திருக்கும். குமிழைத் திருப்பியதும் தகடு மேடேறி எதிர்த் தகட்டைத் தொடும், மின்சாரம் மோட்டாருக்குப் போகும். நேரம் முடிந்ததும் தகடு பள்ளத்தில் விழும், தொடர்பு அறுந்துவிடும். ஆக, டிரையர் டைமர் என்பது கடிகாரத்தோடு இணைந்த ஒரு சாதாரண சுவிட்ச். கடிகாரம் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே சத்தம் சொல்கிறது. சுவிட்ச் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது.

நீங்கள் பார்த்த காணொளி தவறானதல்ல, அது வேறு இயந்திரத்தைப் பற்றியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துணி உலர்த்தத் தனி இயந்திரம் வைத்திருப்பார்கள். சூடான காற்றை ஊதி, பீப்பாய் போன்ற தொட்டியை உருட்டி உலர்த்துவது அது. அதன் பழைய மாடல்களில் டைமரை நகர்த்துவதற்கென்றே ஒரு சிறு மின்மோட்டார் உண்டு. துணி காய்ந்தால் தானாக நிற்கும் முறையில் அதை வைத்தால், ஹீட்டர் எரியும் நேரமெல்லாம் டைமர் நகராமல் நிற்பதே இயல்பு. நம் வீடுகளில் டிரையர் என்று சொல்வது துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும் தொட்டியை. இதில் ஹீட்டரும் இல்லை, டைமருக்கு மோட்டாரும் இல்லை. எனவே அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

அடுத்து காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். தொட்டியில் துணி இல்லாமல், மேல்மூடியை முழுவதும் மூடி, பிளக்கை மாட்டி டிரையரைத் திருப்புங்கள். டிக் டிக் சத்தத்துக்கு அடியில், மெஷினின் கீழ்ப்பகுதியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வருகிறதா? வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் மின்சாரம் பாய்ந்தால் அதனுள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது ‘காயில்’, சூடேறிக் கருகும். ஆனால் அந்த உறுமல் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறது: மின்சாரம் டைமரைத் தாண்டி மோட்டார்வரை போகிறது. பிழை வேறிடத்தில் இருக்கிறது, டைமரைத் தொட வேண்டியதில்லை.

உறுமல் வந்தும் சுற்றாவிட்டால் நான் முதலில் பார்ப்பது பிரேக்கை. மூடியைத் திறந்ததும் தொட்டி சட்டென்று நிற்க வேண்டும் என்பதற்காகக் கீழே மோட்டார் அச்சில் ஒரு பிரேக் கட்டை இருக்கிறது. மூடியை மூடும்போது ஒரு கம்பி அந்தக் கட்டையை இழுத்து விடுவிக்கும். கம்பி தொய்ந்தாலோ அறுந்தாலோ கட்டை பிடித்தபடியே இருக்கும், மோட்டார் திணறும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. மூடியைத் திறந்துவிட்டுத் தொட்டியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். அது இறுகலாக இருப்பதைப் பார்த்து மோட்டார் ஜாம் ஆகிவிட்டது என்பார்கள். மூடி திறந்திருக்கும்போது இறுகலாக இருப்பதுதான் சரி. பிளக்கைக் கழற்றி, மூடியை மூடி, பின்பக்கத் தகட்டைத் திறந்து கீழே அந்தக் கட்டை பிடிக்கும் பிரேக் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுகலாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கைக்குட்டை, குழந்தையின் காலுறை போன்றவை சுற்றும் தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே நழுவி அச்சில் சுற்றிக்கொள்வதும் உண்டு.

பிரேக் சரியாக இருந்தால் அடுத்தது கண்டன்சர். மோட்டார் கிளம்புவதற்கு உந்துதல் தருவது அதுதான். அதன் கொள்திறன் மைக்ரோஃபாரட் என்ற அளவில் அதன்மேல் அச்சிட்டிருக்கும். டிரையர் மோட்டாருக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வரை இருக்கும். துவைக்கும் மோட்டாருக்கும் இதற்கும் சேர்த்து மூன்று ஒயர் கொண்ட ஒரே டப்பாவாக வருவதும் உண்டு. அதில் ஒரு பாதி மட்டும் செத்திருந்தால் துவைப்பது ஓடும், டிரையர் ஓடாது. 5 என்று எழுதியிருப்பது அளக்கும்போது 4.5-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மின்னழுத்தத்தையும் மறக்கக் கூடாது. கோடைக்காலத்தில் மாலை வேளைகளில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வந்தால், மோட்டாரின் சுழற்று விசை ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் அது வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது. காலையில் ஓடி மாலையில் மட்டும் உறுமி நிற்கும் மெஷினில் நான் எதையும் கழற்றுவதற்கு முன் சுவர் பிளக்கில் வோல்ட்டை அளந்துவிடுவேன்.

உங்கள் வீட்டில் உறுமலே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மின்சாரம் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. சந்தேகத்துக்குரியவை நான்கு: டைமரின் தகடு, மூடி சுவிட்ச், இடையிலுள்ள ஒயர், மோட்டாரின் காயில் அல்லது சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க அதற்குள் புதைத்திருக்கும் வெப்பக் காப்பு. இவை எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருப்பதால், மெஷினைத் திறக்காமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள், பல வீடுகளில் அந்த சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரில் போடாமல் அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் மெஷினுக்குள் மின்சாரம் நிற்கும். துவைக்கும் டைமர் பூஜ்யத்தில் இருக்கட்டும். மீட்டரை மின்தடையைக் காட்டும் ஓம் அளவையில் வைத்து, அதன் இரு முனைகளையும் பிளக்கின் இரண்டு சிறிய பின்களில் பிடியுங்கள், தடித்த எர்த் பின்னை விட்டுவிடுங்கள். மூடியை மூடி, டிரையர் குமிழைத் திருப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மீட்டர் மோட்டார் காயிலின் அளவைக் காட்டும். அது பெரும்பாலும் சில பத்து ஓம்கள், மாடலுக்கு மாடல் மாறும். மூடியைத் திறந்தால் அது மறைய வேண்டும், மூடினால் திரும்ப வர வேண்டும், டைமர் பூஜ்யத்தைத் தொட்டதும் மறைய வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் டைமர், மூடி சுவிட்ச், ஒயர், காயில் நான்கும் இணைப்பில் இருக்கின்றன. எதுவுமே காட்டாவிட்டால் அறுந்திருப்பது இந்த நான்கில் ஒன்று. எது என்று தெரிய அப்போதுதான் திருப்புளியை எடுக்க வேண்டும். மெஷினில் தனி பவர் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

திறந்த பிறகு முதலில் மூடி சுவிட்சைப் பாருங்கள். மூடியின் ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் நீட்டம் கீழிறங்கி ஒரு நெம்பைத் தள்ள, அது சுவிட்சை அழுத்தும். மூடியை ஓங்கி அடித்து மூடுகிற வீடுகளில் அந்த நீட்டம் நுனியில் ஒடிந்திருக்கும். அரை விரல்கூட இல்லாத துண்டு அது. மூடி மூடியிருப்பது போலத் தோன்றும், ஆனால் நெம்பு அழுந்தாது. மூடியை விரலால் அழுத்தும்போது மட்டும் ஓடுகிறது என்றால் பழுது இங்கேதான்.

இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூடி சுவிட்ச் போய்விட்டால் அதன் இரு ஒயர்களையும் முறுக்கி நேரடியாக இணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் அப்படிச் செய்திருந்ததைப் பார்த்தேன். மூடியைத் திறந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது, பிரேக்கும் தேய்ந்திருந்தது, நான்கு வயதுப் பெண் குழந்தை தொட்டியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியோடு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுற்றும் தொட்டி அது. சேலை நுனியோ பிஞ்சுக் கையோ அதில் சிக்கினால் இழுத்து முறுக்கிவிடும். அன்று புதிய சுவிட்ச் வாங்கி வந்து மாட்டிய பிறகுதான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பினேன். உங்களிடம் யாராவது ‘நேரடியாகக் கொடுத்துவிடலாம்’ என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒயர்களைப் பார்க்கும்போது அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெஷினுக்கு அடியில் எலி நுழைய எப்போதும் வழி இருக்கும். வெதுவெதுப்பான, இருட்டான அந்த இடம் அதற்குப் பிடித்துப்போகும். ஒயரின் மேலுறை துருவல் போல உதிர்ந்து கிடந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. கடித்த இடத்தைச் சீர்செய்து, அடிப்பக்கம் வலைத்தகடு போட்டு அடைத்துவிடுங்கள்.

டைமரைத் தனியாகச் சோதிப்பது எளிது. அதன் இரு ஒயர்களில் ஒன்றையாவது விடுவித்துவிட்டு மீட்டரை வையுங்கள். பூஜ்யத்தில் இணைப்பு இருக்கக் கூடாது, திருப்பியதும் ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். திருப்பியும் இணைப்பே இல்லையென்றால் டைமர் போய்விட்டது, இதில் ஐயமில்லை. பூஜ்யத்திலும் இணைப்பு இருந்தால் தகடுகள் தீப்பொறியில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டன, அதுவும் உறுதி. அப்படிப்பட்ட மெஷினில் நேரம் முடிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஒரு நாள்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

உறுதியாகச் சொல்ல முடியாத நிலை ஒன்றும் உண்டு. மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். முகம் கருகிய தகடு அந்தச் சிறு ஓட்டத்தை விட்டுவிடும், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் பெரிய ஓட்டத்தை விடாது. அப்போது மீட்டரில் எண் ஒரே இடத்தில் நிற்காமல் 2, 7, 15 என்று அலையும், குமிழை லேசாக ஆட்டினால் மாறும். டைமரின் பிளாஸ்டிக் உடல் ஓரிடத்தில் பழுப்பேறியிருக்கும், முகர்ந்தால் கருகல் வாடை இருக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன். எண் மட்டும் சற்று அலைகிறது, வேறு அடையாளம் இல்லை என்றால் முதலில் மீட்டர் முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி அளப்பேன். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் டைமரின் முனைகளில் பச்சைக்களிம்பு ஏறியிருக்கும். அதைச் சுரண்டியதும் சரியாகிவிட்ட டைமர்களும் உண்டு.

டைமரின் மற்றப் பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமிழ் வழுக்கிக்கொண்டு சுற்றினால் உள்ளே அச்சைக் கவ்வும் துளை வெடித்திருக்கும், குமிழை மட்டும் வாங்கினால் போதும். பாதி வழியில் டிக் டிக் நின்றுவிட்டால் பற்சக்கரத்தில் சோப்புத்தூளும் ஈரமும் சேர்ந்து இறுகியிருக்கிறது. அதில் எண்ணெய் விட்டுப் பார்க்காதீர்கள், எண்ணெய் தகடுகளுக்கும் பரவும். டைமரைப் பிரித்துத் தகடுகளை உப்புத்தாளால் தேய்ப்பதையும் நான் விட்டுவிட்டேன். முகத்திலிருக்கும் வெள்ளிக் கலவைப் பூச்சு தேய்ந்துபோய், சில வாரங்களில் முன்னைவிட மோசமாகக் கருகும். பிரிக்கும்போது ஸ்பிரிங் துள்ளிப் பற்சக்கரங்கள் சிதறினால் திரும்ப அடுக்குவதும் கடினம்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய டைமரைக் கையில் எடுத்துக்கொண்டே உதிரிபாகக் கடைக்குப் போங்கள். மெஷினின் மாடல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் தவறலாம். ஒப்பிட வேண்டியவை: ஒயர்களின் எண்ணிக்கை, நேரம், அச்சின் நீளமும் அதன் தட்டையான பக்கமும், திருகாணித் துளைகளின் இடைவெளி, உடலில் பொறித்திருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகள். டிரையர் டைமர் பொதுவாக 5 நிமிடம், இரண்டு ஒயர். துவைக்கும் டைமர் பொதுவாக 15 நிமிடம், மோட்டாரை இருபுறமும் மாற்றி மாற்றிச் சுற்ற வைப்பதால் ஒயர்கள் அதிகம். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது. விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

கழற்றும்போது குமிழைத் திருப்புளியால் நெம்பாதீர்கள், மேல்தகடு கீறும், அச்சும் வளையும். பழைய துண்டின் ஓரத்தைக் குமிழுக்கு அடியில் இருபக்கமும் செருகி, இரு முனைகளையும் சேர்த்து மேலே இழுத்தால் நேராகக் கழன்று வரும். மேல்தகட்டின் திருகாணிகள் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும், ஒன்றிரண்டு குமிழ்களுக்கு அடியிலும் ஒளிந்திருக்கலாம். தகட்டைத் தூக்கியதும், எதையும் தொடுவதற்கு முன், கைபேசியில் நான்கைந்து கோணங்களில் படம் எடுங்கள். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். கண்டன்சரின் முனைகளைக் கையால் தொடாதீர்கள்.

இரண்டு ஒயர் டைமர் வெறும் சுவிட்ச் என்பதால் ஒயர்கள் இடம் மாறினாலும் பாதகமில்லை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றாக இணையுங்கள். பழைய டைமர் பக்கத்தில் ஒயரை நீளமாக விட்டு வெட்டாதீர்கள், மெஷின் பக்கத்தில் போதிய நீளம் மிஞ்ச வேண்டும். இணைப்பை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவது சிறந்தது. இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஈரத்தில் பசை விட்டு உரிந்துவிடும். இணைப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், மேலிருந்து சொட்டும் தண்ணீர் உள்ளே தங்காது. பழைய டைமரின் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதியதற்கும் அதையே மாட்டுங்கள்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, பிளக்கை மாட்டுவதற்கு முன் அந்தப் பிளக் சோதனையை மறுபடி செய்யுங்கள். கூடவே, டிரையர் டைமரைத் திருப்பி மூடியை மூடிய நிலையில், எர்த் பின்னுக்கும் மற்ற இரு பின்களுக்கும் இடையே எந்த இணைப்பும் இல்லை என்பதையும் பாருங்கள். இருந்தால் பிளக்கை மாட்டவே வேண்டாம், மின்பணியாளரை அழையுங்கள். இல்லையென்றால், துணி இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, நடுவில் மூடியைத் திறங்கள். தொட்டி சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். இனி குமிழை எதிர்த்திசையில் வலிந்து திருப்ப வேண்டாம், நடுவில் நிறுத்த மூடியைத் திறந்தாலே போதும்.

உங்கள் மெஷினை நான் நேரில் பார்க்கவில்லை. இங்கே சொன்னவற்றில் எது உங்களுடையது என்பது அந்த உறுமலையும் மீட்டர் காட்டும் எண்ணையும் பொறுத்தது. மோட்டார் காயில் அறுந்திருப்பதாகத் தெரிந்தாலோ, டிரையர் தொட்டியின் அடி சீல் கசிந்து மோட்டார்மேல் தண்ணீர் சொட்டிய துருத்தடம் இருந்தாலோ அது வீட்டில் செய்யும் வேலையல்ல. மற்றபடி, உறுமல் வந்ததா இல்லையா, பிளக்கில் எத்தனை ஓம் காட்டியது, மூடியைத் திறந்தபோது அது மறைந்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன். அதுவரை டைமர் வாங்க வேண்டாம்.